பூங்காவைப் பார்த்த இரண்டு அறைகள்

பலெர்மோ
9 பெப்ரவரி 1997

அன்பு அக்கா,

தம்பி டெனிஸ்டன் எழுதுகிறேன். நானும் அத்தானும் நல்ல சுகம். உங்களுக்கும் மருமகள் சுஜானிக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று பேசாலை வெற்றி மாதாவை நினைத்துக்கொண்டுதான் பேனை எடுத்தேன். அத்தானுக்குப் பழைய இருமல் விட்டுவிட்டது. காலையில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் வேலை, பின்னேரம் மாடிப்படி கழுவும் வேலை. ஆள் மெலியவில்லை, பயப்படாதீர்கள்.

இங்கே ஒரு புதினம். போர்கோ வெக்கியோவில் நாங்கள் ஆறு பேர் இருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்காணி இருக்கிறது. உலகப் போரில் குண்டு விழுந்து வீடுகள் நொறுங்கிய இடம். ஐம்பது வருடமாக அதில் குப்பையும் பூனைகளும்தான் குடியிருப்பு. அதை இப்போது பூங்கா ஆக்கப் போகிறார்கள். ஆக்கப் போகிறவர் என் சிஞ்ஞோர்தான். நான் வீட்டுவேலை செய்து கார் ஓட்டிக்கொடுக்கும் அதே கட்டடக்காரர்.

கட்டடம் கட்டுகிறவருக்குப் பூங்கா எதற்கு என்று நானும் மூளையைக் கசக்கினேன். காரில் பின்னால் இருந்து ஒருவருக்கு அவர் விளங்கப்படுத்தியதைக் கேட்டபிறகுதான் விஷயம் பிடிபட்டது. நகரசபையிடம் பூங்கா போடப் பணம் இல்லை. சிஞ்ஞோர் தன் செலவில் போட்டுச் சபைக்குக் கொடுத்துவிடுவார். அதற்குப் பதிலாக, பக்கத்தில் அவர் கட்டும் தொடர்மாடிக்கு ஐந்து மாடி அனுமதி இருந்த இடத்தில் ஏழு மாடி கிடைக்கும். சுவரைப் பார்த்த வீட்டைவிட மரத்தைப் பார்த்த வீடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விலை போகுமாம். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே நாலு வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. சபைக்கு என்ன லாபம் என்றால், சும்மா ஒரு பூங்கா, குப்பைக்காணி பற்றிய முறைப்பாடுகள் ஒழிந்தது, அந்த வீடுகளிலிருந்து வருடா வருடம் வரி. கார்த்திகையில் தேர்தலும் வருகிறது. நாடா வெட்டுவதற்கு அவர்களுக்கும் ஏதாவது வேண்டாமா? “நான் மரம் நடுகிறேன், அவர்கள் எனக்கு மாடி தருகிறார்கள்” என்று சிஞ்ஞோர் சிரிக்கிறார்.

எல்லாருக்கும் லாபம் வந்து ஒருவருக்கும் நட்டம் வராத வியாபாரம் ஒன்றை நான் இப்போதுதான் பார்க்கிறேன், அக்கா.

அருளையா மாஸ்டரின் மகள் கிளறாவைப் பற்றி நீங்கள் எழுதியதை நாலுதரம் வாசித்தேன். எனக்குச் சம்மதம். முப்பத்துநாலு வயதில் இனி என்ன வெட்கம்! நீங்களே பேசி முடியுங்கள்.

உங்கள் சுகத்தையே விரும்பும்,
டெனிஸ்டன்

---

பேசாலை
16 மார்ச் 1997

அன்பின் தம்பி டெனிஸ்டனுக்கு,

அக்கா றோசமலர் எழுதுவது. நாங்கள் இருவரும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். சுஜானிக்கு ஒன்பது வயதாகிவிட்டது, வாய் பத்தொன்பது. நீயும் உன் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதே எனக்குப் பாதி மருந்து.

உன் கடிதத்தை வழக்கம்போல எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி உரத்து வாசித்தோம். வெளிநாட்டுக் கடிதத்தைத் தனியாக வாசித்தால் இங்கே ஒளிக்கிறார்கள் என்று கதை வந்துவிடும். அருளையா மாஸ்டர் மனைவியையும் கிளறாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். “முப்பத்துநாலு வயதில் வெட்கம்” என்ற இடத்தில் கிளறா தலையைக் குனிந்தாள், மாஸ்டர் கூரையைப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: “பிள்ளையைக் கூப்பிடுறதுக்கு மாப்பிள்ளைக்கு அங்கை வீடு கிடக்கோ?” பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இனி என் கேள்வி. ஒருவருக்கும் நட்டமில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குப்பைக்காணியை ஒட்டி இருக்கிற ஆறு பேரையும் எங்கே விடப் போகிறார்கள் என்று மட்டும் எழுதவில்லை. ஐப்பசியில் உன் அத்தானின் பெர்மெசோ, அதுதான் அந்த நாட்டில் இருக்கவிடும் பத்திரம், முடிகிறது. அதைப் புதுப்பிக்க விலாசம் வேண்டும். புதுப்பித்தால்தான் என்னையும் சுஜானியையும் கூப்பிட மனுப் போடலாம். நாலு வருடமாக இந்த ஒன்றுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கே இருக்கிறேன். உனக்குத் தெரியாததல்ல.

பூங்கா நல்லதுதான். மறுமொழி எழுது.

உன் அன்பு அக்கா,
றோசமலர்

---

பலெர்மோ
25 மே 1997

அன்பு அக்கா,

சுகம். உங்கள் சுகத்தையும் அறிய ஆவல். வேலை தலைக்குமேல் இருந்தபடியால் மறுமொழி பிந்திவிட்டது, கோபிக்காதீர்கள்.

எங்கள் வீடு இருக்கிற இடத்தில்தான் பூங்காவின் வாசல் வரவேண்டுமாம். இந்த நாட்டில் வாடகைக்கு இருப்பவனை எழுப்புவது லேசில்லை, வழக்குப் போட்டால் நாலைந்து வருடம் இழுக்கும். சிஞ்ஞோருக்கோ கார்த்திகைக்கு முன் பூங்கா வேண்டும். அதனால் என்னைக் கூப்பிட்டு இருத்திக் கோப்பி தந்தார். எட்டு வருடத்தில் அவர் எனக்குக் கோப்பி தந்தது அன்றைக்குத்தான்.

உங்களுக்குத் தெரியும், இங்கே எங்கள் ஆட்களின் வழக்கம், முதல் வந்தவன் பேரில் ஒப்பந்தம், பிறகு வந்தவர்கள் நம்பிக்கையில் படுக்கை. ஒப்பந்தம் என் பேரில். ஆகவே வீட்டை விட்டுக்கொடுக்க ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது. போட்டுவிட்டேன்.

சும்மா போடவில்லை, அக்கா. பூங்காவின் காவலர் வேலையும் வாசலோடு ஒட்டிய இரண்டு அறை வீடும் எனக்கு. எழுத்தில் தந்திருக்கிறார். மாஸ்டரிடம் வீடு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மற்ற ஐந்து பேரும் பிரான்காச்சோவுக்குப் போய்விட்டார்கள். பேருந்தில் அரைமணி நேரம். அத்தானுக்குக் கொஞ்சம் கோபம். “என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியா?” என்றார். “நான் போடாட்டிலும் எப்பவோ ஒருநாள் இடிக்கத்தானே போறாங்கள் அத்தான்” என்றேன். “எப்பவோ ஒருநாளுக்கும் ஐப்பசிக்கும் வித்தியாசம் கிடக்கடா” என்று சொல்லிவிட்டுத் தலையணையைச் சுருட்டிக்கொண்டு போனார். இரண்டு கிழமையில் ஆறிவிடுவார். அவர் நல்ல மனுஷன்.

அன்புத் தம்பி,
டெனிஸ்டன்

---

பேசாலை
10 ஓகஸ்ட் 1997

அன்பின் தம்பிக்கு,

சுகம் கேட்பதோடு நிறுத்தாமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குச் சுகம். எனக்கு நித்திரை மட்டும் இல்லை.

உன் அத்தானின் கடிதம் வந்தது. பிரான்காச்சோ வீட்டுக்காரன் ஒருவரையும் பதியவிடமாட்டானாம். படுக்கலாம், பேர் எழுதமுடியாது. விலாசம் இல்லாமல் பெர்மெசோ இல்லை. பெர்மெசோ இல்லாமல் அந்தக் கிழவர் வீட்டிலும் வைத்திருக்கமாட்டார்களாம். அவர் உன்னைக் குறை சொல்லி ஒரு வரியும் எழுதவில்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

தம்பி, நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. அம்மா செத்தபிறகு உனக்குச் சோறு ஊட்டினேன் என்று சொல்லிக்காட்டவும் இல்லை, இப்போதுதான் சொல்கிறேன். உன் இரண்டு அறை வீட்டில் உன் அத்தானின் பேரைப் பதி. அவர் அங்கே வந்து படுக்கக்கூட வேண்டாம். பேர் இருந்தால் போதும். நானும் பிள்ளையும் வந்துசேர்ந்தபின் வேறு இடம் தேடிக்கொள்வோம்.

ஐப்பசிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

அக்கா,
றோசமலர்

---

பலெர்மோ
19 ஒக்ரோபர் 1997

அன்பு அக்கா,

நல்ல சுகம். புது வீட்டிலிருந்து எழுதும் முதற்கடிதம் இது. யன்னலைத் திறந்தால் தோடை மரங்கள். சின்ன மரங்கள்தான், கம்பு நட்டுக் கட்டியிருக்கிறது.

போன ஞாயிறு திறப்புவிழா. நகரசபையிலிருந்து பெரியவர்கள், பாதிரியார், பத்திரிகைக்காரர்கள், எல்லாரும் வந்தார்கள். அதற்கு முதல்நாள் சிஞ்ஞோர் சொன்னார், “டெனி, இது அக்கம்பக்கத்து மக்களுக்கான பூங்கா, படத்தில் அக்கம்பக்கத்து மக்கள் வேண்டும். உங்கள் பெண்கள் சாறியோடு வந்தால் நிறம் நன்றாக இருக்கும்.” அக்கம்பக்கத்து ஆட்களைத்தான் மே மாதமே அனுப்பிவிட்டோமே! பிரான்காச்சோவுக்குப் போய் அவர்களையும் அங்கே இருக்கிற எங்கள் குடும்பங்களையும் இரண்டு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கேக். எங்கள் குசினி இருந்த இடத்தில் இப்போது பிள்ளைகள் சறுக்கி விளையாடும் மேடை. எங்களோடு அந்த வீட்டில் இருந்த குணரத்தினம் அண்ணர் பூப்பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நான் படுத்த இடத்திலை ரோசா வைச்சிருக்கிறாங்கள். என்ரை செத்தவீட்டுக்கு நானே வந்த மாதிரிக் கிடக்கு” என்றார். பகிடிக்காரன். கைதட்டச் சொன்னபோது எல்லாரும் நன்றாகத் தட்டினார்கள்.

மறுநாள் சிஞ்ஞோர் இன்னும் ஆறு வீடு விற்றார்.

அத்தான் வரவில்லை. வேலை என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட விஷயம். விசாரித்தேன். இரண்டு அறைக்கு நாலு பேர்தான் பதியலாம் என்று சட்டம். அது காவலரின் குடும்பத்துக்கு மட்டும். அத்தானைப் பதிந்து, பிறகு நீங்களும் சுஜானியும் வந்தால் என்னோடு நாலு பேர் ஆகிவிடும். கிளறாவுக்கு இடம் இருக்காது. அதற்காக இல்லை, சட்டம் அப்படி. எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதத்தானே வேண்டும்.

வேறு வழி ஒன்று கட்டாயம் திறக்கும்.

தம்பி,
டெனிஸ்டன்

---

பேசாலை
14 டிசம்பர் 1997

தம்பிக்கு,

பாலன் பிறக்கும் நாட்கள். உனக்கு என் ஆசீர்.

மூன்று மாதமாக உன் அத்தானிடமிருந்து ஒரு வரியும் இல்லை. முன்பு மாதம் இரண்டு கடிதம் எழுதுகிறவர். எங்கே இருக்கிறார், எங்கே சாப்பிடுகிறார், பெர்மெசோ என்ன ஆனது? தேடிப் பார்த்து எழுது. பலெர்மோ எவ்வளவு பெரிய ஊர் என்று எனக்குத் தெரியாது. ஒரு மனுஷனைத் தேடமுடியாத அளவு பெரிது என்று நீ சொன்னால் நம்பமாட்டேன்.

கிளறா வீட்டில் சரி என்றுவிட்டார்கள். வீட்டுச் சான்று வந்தால் நாள் வைக்கலாமாம். உன் வாழ்க்கையை நான் கெடுக்கமாட்டேன்.

அக்கா

---

பலெர்மோ
18 சனவரி 1998

அன்பு அக்கா,

உங்களுக்கும் சுஜானிக்கும் புதுவருட வாழ்த்துக்கள். எனக்குச் சுகம், தடிமன் மட்டும்.

அத்தானைப் பற்றி நல்ல செய்தி. வடக்கே மொதேனா என்ற பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று பிரான்காச்சோவில் சொன்னார்கள். அங்கே தொழிற்சாலைகள் உண்டு, பதிவும் லேசு. விலாசம் கிடைத்ததும் அவரே எழுதுவார். நீங்கள் கண்டதையும் யோசித்து உடம்பைக் கெடுக்காதீர்கள்.

என் வேலையைப் பற்றிக் கேட்பீர்கள். காலை ஏழு மணிக்குத் திறப்பு, மாலை ஆறு மணிக்குப் பூட்டு. வீடு வாங்க வருகிறவர்களைச் சிஞ்ஞோர் தெருவால் கூட்டி வருவதில்லை, பூங்காவுக்குள்ளால்தான் கூட்டி வருவார். அதனால் எல்லாம் துப்புரவாக இருக்கவேண்டும். மீன்சந்தைக் கிழவிகள் கடலை உடைத்துக் கோதைப் போடுவார்கள், கத்தவேண்டியிருக்கிறது. போனமாதம் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு டொக்டர் குடும்பம் வர இருந்தது. பார்த்தால் மரவாங்கில் ஒரு ஆள் படுத்து நித்திரை. எங்கள் ஆள்தான். வீடு இல்லாத ஆட்கள் இப்போது கூடிவிட்டார்கள். நகரக் காவலருக்குச் சொல்லாவிட்டால் என் வேலை போய்விடும். அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மனம் கஷ்டம்தான். என்ன செய்வது, வேலை அப்படி.

வீட்டுச் சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாஸ்டருக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டெனிஸ்டன்

---

பேசாலை
29 மார்ச் 1998

அன்புள்ள தம்பி டெனிஸ்டனுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு நாள்தோறும் மன்றாடுகிறோம். மறுமொழி எழுதச் சுணங்கிவிட்டது, வீட்டில் கொஞ்சம் அலுவல் கூடிவிட்டது.

அத்தான் மொதேனா போனது கேட்டு நிம்மதி. இனி எனக்குக் கவலை இல்லை. அவருக்கு எழுத நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை, நீ எழுது. நீ எழுதினால் அவரையே பார்த்தமாதிரி இருக்கிறது. உடம்பு எப்படி? இருமல் திரும்ப வந்ததா? தலைமயிர் நரைத்துவிட்டதா? உயிர்ப்புத் திருநாளுக்கு உன்னிடம் வருவாரா? வந்தால் என்ன சமைத்தாய், என்ன கதைத்தீர்கள் என்று ஒன்றும் விடாமல் எழுது. உன் கடிதம் வாசிக்கும்போது இப்போது முன்னைவிட ஆட்கள் கூட வருகிறார்கள். கிளறா முன்னுக்கே இருக்கிறாள்.

அந்த வாங்கில் படுத்த ஆளைப் பற்றிச் சுஜானி கேட்டாள். அவர் ஆரென்று பிறகு தெரியவந்ததா?

உன் அன்பு அக்கா,
றோசமலர்

---

பலெர்மோ
26 ஏப்ரல் 1998

என் அன்பு அக்கா,

உங்கள் கடிதம் கண்டு மனம் நிறைந்துவிட்டது. உங்களுக்கு என்மேல் கோபம் என்று நினைத்துப் பயந்துகொண்டு இருந்தேன். கோபம் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு வேளை சேர்த்துச் சாப்பிட்டேன்.

அத்தான் திருநாளுக்கு வந்தார்! இரவுப் புகைவண்டியில் வந்து மூன்று நாள் நின்றார். கொஞ்சம் கொழுத்திருக்கிறார், கன்னம் வைத்துவிட்டது. இருமல் அறவே இல்லை, வடக்குக் காற்று நல்லதாம். பல்லரோ சந்தையில் கோழி வாங்கி ஊர் முறையில் தூள் போட்டு வைத்தேன். மூன்றுதரம் போட்டுச் சாப்பிட்டார். பழையதெல்லாம் மறந்துவிட்டார். பின்னேரம் பூங்காவில் இருந்து சின்னப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு, “டெனிஸ்டன், நீ செய்தது சரிதானடா. இப்பிடியொரு இடம் ஊருக்கு வேணும்” என்றார். அதைக் கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுஜானிக்கு நீலச் சட்டை ஒன்று அனுப்புகிறேன். அத்தான் வாங்கித் தந்தது. தானே தெரிந்தெடுத்தார்.

வாங்கில் படுத்த ஆள் ஆரென்று தெரியாது. முகம் மூடிப் படுத்திருந்தான்.

வீட்டுச் சான்று கைக்கு வந்துவிட்டது. நாலு பேர் என்றே போட்டிருக்கிறது. புரட்டாதியில் விடுமுறை எடுத்துக் கொழும்புக்கு வருகிறேன். கொச்சிக்கடைக் கோயிலில் கலியாணத்தை வைப்போமா?

உங்கள் தம்பி,
டெனிஸ்டன்

---

பேசாலை
7 யூன் 1998

அன்பின் தம்பிக்கு,

சுகம். சட்டை வந்தது. சுஜானிக்கு அளவாக இருக்கிறது. அப்பா தெரிந்தெடுத்தது என்று வாசித்ததும் பிள்ளை ஓடிப்போய் அப்பாவுக்கு முத்தம் கொடுத்தாள். படத்துக்கு என்று வைத்துக்கொள்ளேன்.

நாள் செப்டெம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை. மாஸ்டர் கோயிலில் பேர் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு காரியம். அப்பா இல்லாத உனக்கு மாப்பிள்ளைப் பக்கத்துச் சாட்சிக் கையெழுத்து அக்காவின் புருஷன்தான் போடவேண்டும். எங்கள் ஆட்களிடம் அது மாறாத முறை. அத்தானைக் கேட்டு அவர் என்ன சொன்னார் என்று அவர் சொன்ன சொல்லிலேயே எழுது.

அக்கா,
றோசமலர்

---

பலெர்மோ
5 யூலை 1998

அன்பு அக்கா,

நான் சுகம். மகிழ்ச்சியில் நித்திரை வராத சுகம். உங்கள் எல்லாருடைய சுகமும் அப்படியே இருக்கட்டும்.

அத்தானோடு தொலைபேசியில் கதைத்தேன். புது வேலை, விடுமுறை தரமாட்டார்களாம். சரியாகக் கவலைப்பட்டார். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறேன்: “என்ரை மனசு அங்கைதான் நிக்கும். கையெழுத்தை மாஸ்டரின்ரை தம்பியைக் கொண்டு போடுவிச்சால் எனக்கொரு குறையுமில்லை. கொக்காட்டைச் சொல்லு, நான் சந்தோசமா இருக்கிறன் எண்டு.”

கிளறாவுக்கு யன்னல் சீலை நல்ல மஞ்சளில் வாங்கியிருக்கிறேன். சிஞ்ஞோர் நகரின் மறுபக்கத்தில் இன்னொரு பூங்கா போடப் போகிறார். அங்கேயும் வெறுங்காணி, பக்கத்தில் பழைய வீடுகள், எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களோடு கதைக்க என்னைத்தான் அனுப்பப் போகிறாராம். என் வாழ்க்கை நிமிர்ந்துவிட்டது, அக்கா. எல்லாம் உங்கள் மன்றாட்டு.

செப்டெம்பரில் நேரே காண்போம்.

டெனிஸ்டன்

---

பேசாலை
9 ஓகஸ்ட் 1998

அன்பின் தம்பிக்கு,

வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் இப்படியே தொடங்குகிறேன். நாங்கள் மூவரும் சுகம்.

மூவர் என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். உன் அத்தான் மார்ச் பதினேழாம் திகதி வீட்டுக்கு வந்துவிட்டார். பெர்மெசோ இல்லை என்று உரோமில் விமானம் ஏற்றி அனுப்பினார்கள். கட்டுநாயக்காவில் இறங்கின உடனே பிடித்து, மன்னார் ஆள் என்றபடியால் இரண்டு மாதம் மறியலில் வைத்திருந்தார்கள். முன்பல் இரண்டு இல்லை. எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீ கன்னம் வைத்திருக்கிறது என்று எழுதிய முகத்தை நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் வந்தபிறகு நான் உனக்கு எழுதியதெல்லாம் அவர் பக்கத்தில் இருக்க எழுதியது. உன் கடிதங்களைச் சனத்துக்கு வாசித்ததும் அவர்தான். என் கையிலிருந்து வாங்கி வாசித்தார். கோழிக்கறியை மூன்றுதரம் போட்டுச் சாப்பிட்ட இடத்தில் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “நல்லாத்தான் சாப்பிட்டிருக்கிறன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வயிறு நோகச் சிரித்தேன். அதற்காக எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அவர் வந்தபிறகு எழுதிய முதற்கடிதத்தை நீ உண்மையைச் சொல்ல ஒரு வழி விடவேண்டும் என்றுதான் எழுதினேன். அடுத்ததை அப்படி எழுதவில்லை. நீ எவ்வளவு தூரம் போவாய் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. அந்த அளவுக்கு நானும் கெட்டுப்போனேன்.

அவர் பூங்காவுக்குப் படுக்க வரவில்லை, தம்பி. உன்னைக் காண வந்தவர். நகரசபையில் விசாரித்திருக்கிறார். வீட்டில் இருக்கிறவன் கையெழுத்து வைத்தால் ஆரையும் பதியலாம், நாலு பேர் வரைக்கும் என்று சொன்னார்களாம். சட்டம் தடுக்கவில்லை, நீதான் தடுத்தாய். கையெழுத்து வைக்கும்படி கேட்க மூன்று நாள் உன் கதவைத் தட்டினார். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்ததாம். நாலாம் நாள் நீ திறக்கும்வரை வாங்கில் இருந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். ஒரு கையெழுத்தால் வீட்டை எடுத்தாய். இன்னொரு கையெழுத்தை வைக்காமல் நாட்டை எடுத்தாய். எனக்கும் என் பிள்ளைக்கும் இனி அந்தப் பக்கம் வழி இல்லை. எனக்கு நீ தம்பி இல்லை என்று எழுத எவ்வளவோ முயன்றேன், கை வரவில்லை. ஆனால் உன்னைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

கலியாணம் நின்றுவிட்டது என்று நினைக்காதே. மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, “வீடு உண்மைதானே?” என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் “ஓம், வீடு உண்மை” என்றார். பொம்பிளைப் பிள்ளையை இந்த ஊரில் வைத்திருக்கமுடியாது என்பது மாஸ்டரின் கவலை. அவரைக் குறை சொல்ல நான் ஆர்?

கிளறா நேற்று வந்து அத்தானிடம் தனியாக ஒன்று கேட்டாள். “உங்களை எழுப்பேக்கை அவருக்கு ஆள் ஆரெண்டு தெரியுமோ?”

அத்தானுக்குப் பொய் வராது. “தெரியும் பிள்ளை. ‘அத்தான், எழும்புங்கோ, ஆக்கள் வருகினம்’ எண்டுதான் எழுப்பினவன். காவலர் இரண்டு பேரும் அவனுக்குப் பின்னாலை நிண்டவை. மரியாதையாத்தான் எழுப்பினவன்.”

அவள் என்னிடம் திரும்பி, “நான் போறன் மச்சாள். எனக்கு இஞ்சையிருந்து போகவேணும். அந்த வீட்டிலை உங்கள் மூண்டு பேரின்ரை இடத்திலையும் நான் ஒராள் இருக்கப்போறன். அவர் என்னைக் கூப்பிடுற நேரமெல்லாம் எனக்கு உந்த ‘எழும்புங்கோ’ கேட்கும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றாள். அழவில்லை. உன் மஞ்சள் சீலை நல்ல நிறம் என்றும் சொன்னாள்.

செப்டெம்பர் பன்னிரண்டு, காலை பத்து மணி. உன் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட அத்தான் வருவார், கொழும்புக்குப் போக ஆமியிடம் பாஸ் எடுத்துவிட்டோம். நீயும் வந்துவிடு. கிளறா புடவை எடுத்துவிட்டாள்.

அக்கா,
றோசமலர்